கத்தானியாவுக்கு மாற்றிய அரையிறுதி

சொந்த மைதானத்தில் விளையாடுவதற்கும் வெளி மைதானத்துக்குப் போய் விளையாடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், புல் என்பார்கள், காற்று என்பார்கள், கைதட்டுகிற சனம் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் ஒன்றும் வேண்டாம். இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் பெடியன்கள் சொந்த மைதானத்தில் ஏன் வென்றார்கள், வெளியே போய் ஏன் தோற்றார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய சேற்று மேற்சட்டைகளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தோய்த்தவள் நான்.

விளையாட்டு ரக்பி. அதிலும் ரக்பி லீக் என்று ஒரு வகை, பதின்மூன்று பேர் ஆடுவது. என் தம்பி கொழும்பில் படித்த காலத்தில் ஆடிப் பழகியது பதினைந்து பேர் ஆடுகிற வகை. இங்கே பதினைந்து தமிழரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே இடத்தில் சேர்ப்பதென்றால் கோயில் திருவிழா வைக்க வேண்டும். அதனால் பதின்மூன்றே போதும் என்று முடிவு செய்தார்கள். மன்னார்ப் பெடியன்கள், யாழ்ப்பாணப் பெடியன்கள், மொரிசியஸ்காரர் சிலர், இரண்டு மூன்று சிசிலிக்காரர். மனேஜரும் மொரிசியஸ்காரர்தான், ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. தமிழ் அவருக்குத் தேவாரத்தோடு சரி, மற்றதெல்லாம் இத்தாலியன்.

பெடியன்களில் பாதிப் பேருக்கு மேல், வயதான இத்தாலியர்களின் வீட்டோடு தங்கி அவர்களைப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அன்றைக்கு அந்தக் கிழவருக்கு யார் தண்ணீர் கொடுப்பது என்று எழுதியிருக்காது. மகனும் மகளும் மிலானில், ஜெர்மனியில். லீவு எங்களுடையது, மனச்சாட்சியும் எங்களுடையது, என்ன செய்வது?

என் தம்பி ஒரு வேலை செய்தான். தான் பார்த்த நொன்னோவைக் கையோடு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இங்கே தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கால்சாப் பகுதியில் முதலாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கி, கீழே சக்கரக் கதிரையில் இருத்தி, ஒரேத்தோப் பக்கத்து மைதானம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவான். எல்லைக்கோட்டோரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, காலுக்குப் போர்வை போட்டுவிட்டு உள்ளே ஓடுவான். அவன் கண் நொன்னோவிலும் நொன்னோவின் கண் அவனிலும் இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்து மற்றப் பெடியன்களும் தங்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கோட்டோரம் ஒரு வரிசையே ஆகிவிட்டது. ஒரு சின்னோரா, எங்கள் பேச்சில் ஒரு அம்மா, மே மாத வெயிலிலும் கம்பளிக் கோட்டோடு வருவார். ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிக் கைதட்டுவார். நாங்கள் பெண்கள் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுபோய் அவர்களுக்குப் பருக்கி, வாய் துடைத்து, தொப்பி சரிசெய்து கொண்டு நிற்போம். மட்சைப் பார்க்க எங்கே நேரம்? ஆனால் சந்தோசமாக இருந்தோம். அதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தோம்.

தம்பியின் நொன்னோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் என்றால் வாய். நான் என் தம்பியைத் தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவனுக்குப் பெயரே அதுதான் என்று நினைத்து அவரும் "தம்பி" என்றே கூப்பிட்டார். திருத்தியும் பார்த்தோம், கேட்கவில்லை. அவர் பேசியதெல்லாம் இத்தாலியன்தான், ஆனால் நினைவில் எனக்கு எங்கள் தமிழிலேயே வருகிறது.

"பந்தை முன்னாலை எறிஞ்சா பிழையாம், பின்னாலைதான் எறியோணுமாம். பிறகு எப்பிடி முன்னுக்குப் போறது? இதென்ன விளையாட்டு, எங்கட நகரசபை மாதிரி!" என்பார்.

"அப்ப ஏன் நொன்னோ கிழமைக்குக் கிழமை வாறியள்?" என்று கேட்பேன்.

"தம்பி விழுந்தா எழும்புறானோ எண்டு பாக்க ஆள் வேணாமே?"

அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. மனைவி செத்த நேரம் அவர் கிரேனின் உச்சியில் இருந்திருக்கிறார். கீழே இருந்து ஆட்கள் கைகாட்டியும் இறங்கி வர நேரமாகிவிட்டது. அந்தப் பெண் தனியாகக் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் தனக்கும் அப்படி நடந்துவிடுமோ என்று பயம். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்ன அன்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்திலை இருப்பாய்தானே?" என்று கேட்டார். "ஓம், நான் பக்கத்திலை இருப்பன்," என்று இவன் வாக்குக் கொடுத்தான். அந்த வாக்குக்காகவே அவன் வெளியூர் மட்ச் ஒன்றுக்கும் போனதில்லை. மெசினா, சிராகுசா, கத்தானியா எல்லாம் விடிய முதல் பஸ் ஏறி, பொழுது பட்டு வருகிற தூரம். நொன்னோவைப் பஸ்ஸில் ஏற்றவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. தம்பியைப் போலத்தான் மற்றவர்களும். வெளியூருக்குப் போனால் எங்கள் அணியில் பதின்மூன்று பேர் சேருவதே பெரும்பாடு. பத்துப் பேரோடு இறங்கி அடி வாங்கிக்கொண்டு வந்த நாளும் உண்டு. இங்கே வந்தவனுக்கு நாங்கள் அடித்தோம், அங்கே போனால் அவன் அடித்தான். இதில் ஒரு மாயமும் இல்லை.

அந்த வருசம் எப்படியோ தட்டுத் தடுமாறி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம். முதல் இரண்டு இடத்துக்கும் அரையிறுதி சொந்த மைதானத்தில் என்பதுதான் லீக்கின் சட்டம். வருசம் முழுக்க ஓடிச் சம்பாதித்த உரிமை அது. மூன்றாம் இடத்தில் வந்த கத்தானியாக்காரர் எங்களிடம் வர வேண்டும். செய்தி கேட்டு மனேஜர் கடவுளே கடவுளே என்று அழுதேவிட்டார். நொன்னோ தனக்குப் புதுத் தொப்பி வேண்டும் என்றார்.

பிறகு வந்தது வில்லங்கம். கத்தானியாக்காரர் லீக் கமிட்டிக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். பலெர்மோவில் கோட்டோரம் சக்கரக் கதிரைகள் நிற்கின்றன, எங்கள் ஓட்டக்காரன் பந்தோடு அந்தப் பக்கம் ஓடப் பயப்படுகிறான், யாராவது கிழவி மேல் விழுந்து கொன்றுவிடுவோமோ என்று கால் தானாக நின்றுவிடுகிறது, அவர்கள் வெல்வது அதனால்தான் என்று.

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நானே கண்ணால் கண்டிருக்கிறேன். போன மட்சில் அந்தக் கத்தானியாப் பெடியன் தனியாக ஓடி வந்தவன், கம்பளிக் கோட்டுச் சின்னோராவைக் கண்டதும் பந்தைப் போட்டுவிட்டு "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சின்னோரா" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காதுதான். கதிரைகளைக் கயிறு கட்டிப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் எங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எங்கள் மண்டையில் ஏறவில்லை.

கமிட்டி கூடிய அன்று மனேஜரோடு நானும் போனேன். போர்கோ வெக்கியோவில் ஒரு கடைக்குப் பின்னால் உள்ள அறை. மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் நல்லவர்கள் போலத்தான் பேசினார்கள். மனேஜர் எழுந்து நின்று, கதிரைகளைக் கயிற்றுக்குப் பின்னால் வைக்கிறோம் என்றார். நேரம் போதாது, காப்புறுதிக்காரன் வந்து மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சரி, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று இரண்டு மட்ச் வையுங்கள், புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள், அதுதான் எல்லோருக்கும் நியாயம் என்றார். வெயில் தொடங்கிவிட்டது, அதற்கு ஞாயிற்றுக்கிழமை மிச்சமில்லை என்றார்கள். "நீங்களே பாருங்கள், உங்களுடைய வெற்றி எல்லாம் உங்கள் மைதானத்தில்தான். அப்போ முறைப்பாட்டில் உண்மை இருக்கிறதுதானே?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது கதிரையாலை இல்லை ஐயா, ஆளாலை! வெளியிலை போனா எங்களிட்டை ஆள் இல்லை. உங்கட அம்மாமாரை, அப்பாமாரைப் பாத்துக்கொண்டு எங்கட பெடியன் வீட்டிலை நிக்கிறான். அதாலை தோக்கிறம். வருசம் முழுக்க ஒரு மட்ச் இஞ்சை, ஒரு மட்ச் அங்கை எண்டு நீங்கள் போடுற அட்டவணை கணக்கிலை சரிதான், எங்களுக்குச் சரியில்லை," என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தினேன். அவர்கள் என்னைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அரையிறுதியைக் கத்தானியாவுக்கு மாற்றினார்கள்.

தம்பி என் வீட்டுக்கு வந்து, "நான் போகேல்லை அக்கா, விடுங்கோ," என்றான். ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் அப்படித்தான், கோபமெல்லாம் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் நொன்னோ விடவில்லை. அடுத்த நாள் நான் கால்சாவுக்குப் போனபோது இரண்டு பேருக்கும் சண்டை.

"நீ போகாட்டி நான் சாப்பிடமாட்டன்," என்றார் நொன்னோ.

"நான் போனா ஆர் உங்களைப் பாக்கிறது?"

"உன்ர அக்கா இருக்கிறாள். உன்னை விட நல்லாச் சமைப்பாள்."

"அதுக்கில்லை நொன்னோ. நான் சொன்ன சொல்லு ஒண்டு இருக்கு."

நொன்னோ சிரித்தார். "விசரா, ஒரு நாள்தானே. ஞாயிற்றுக்கிழமை நான் சாகமாட்டன். பாதிரியாருக்கு அண்டைக்கு வேலை கூட."

நானும் சேர்ந்து, "போட்டு வா தம்பி, நான் நிக்கிறன்," என்றேன். நொன்னோ நல்ல சுகமாகத்தான் இருந்தார். டாக்டரும் அந்தக் கிழமை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை நான் மலையேறிப் புனித ரொசாலியா அம்மாவின் கோயிலுக்குப் போனேன். பலெர்மோவில் சைவம், கிறிஸ்தவம் என்று பாராமல் எங்கள் சனம் எல்லாம் ஏறுகிற மலை. மெழுகுதிரி கொளுத்தி, எங்கள் பெடியன்கள் வெல்ல வேண்டும் என்று கேட்டேன். ஒரு உயிரைக் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு மட்சைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு என்ன தெரியும்?

ஞாயிறு விடிய முதல் தம்பி நொன்னோவுக்கு முகம் வழித்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, எனக்கு ஒரு பெரிய பிரசங்கமும் வைத்தான். எந்தக் குளிசை எப்போது, எந்தத் தலையணை எந்தப் பக்கம் என்று. "பலெர்மோவிலை உள்ள கிழடு கட்டையளை எல்லாம் பாத்தவளுக்குப் படிப்பிக்கிறியோ? போடா, பஸ் விட்டிட்டுப் போயிடும்," என்று துரத்தினேன். நொன்னோ அவன் கன்னத்தில் தட்டினார். அவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து போர்வையை ஒருமுறை சரிசெய்துவிட்டுப் போனான்.

மத்தியானம் அவர் நன்றாகச் சாப்பிட்டார். சோறும் மீன் குழம்பும், உறைப்புக் குறைத்து. "அங்கை தொடங்கியிருப்பாங்களோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். பிறகு படுக்க வைத்தேன். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது மூச்சுச் சத்தம் மாறியது. எத்தனை பேரைப் பார்த்தவள் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது, நெற்றி குளிர்ந்திருந்தது. அம்புலன்சுக்கு ஃபோன் அடித்தேன். மேல்மாடிச் சின்னோராவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். நொன்னோவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னோடு இரண்டொரு சொல் கதைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்புலன்ஸ்காரர் படியேறி வந்து செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

மிலானில் இருந்த நொன்னோவின் மகளுக்கு அம்புலன்ஸ்காரரே சொன்னார்கள். தம்பிக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவன் மைதானத்துக்குள்ளே. மனேஜருக்கு அடித்தேன். பின்னால் ஒரே கூச்சல். "நாங்கள் முன்னுக்கு நிக்கிறம்! இன்னும் கொஞ்சம்தான்!" என்று கத்தினார் மனிசன். நான் சொன்னேன். மட்ச் முடிய விடுங்கள் என்று சொல்வார், சொன்னால் கிழிகிழியென்று கிழிக்கலாம் என்று நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஃபோனைக் கையில் பிடித்தபடி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நேராக உள்ளே நடந்து போயிருக்கிறார். நடுவர் விசிலடிக்கிறதும் ஆட்கள் திட்டுகிறதும் எனக்குக் கேட்டது. பிறகு தம்பியின் மூச்சு கேட்டது.

"அக்கா?"

சொன்னேன். அவன் அந்த நிமிசமே மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டானாம்.

வெளியூர் மட்சுக்கு மாற்றாள் ஏது? மிச்ச நேரம் பன்னிரண்டு பேரோடு ஆடி, கடைசியில் இரண்டு புள்ளியால் தோற்றார்கள். ஒருவரும் அதைப் பற்றித் தம்பியிடம் ஒரு சொல் சொன்னதில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. "சின்னோரா" என்று பந்தைப் போட்ட அந்தக் கத்தானியாப் பெடியன்தான் மட்ச் முடியுமட்டும் பாராமல் இவனைத் தன் சிநேகிதனின் காரில் ஏற்றி பஸ் நிலையத்துக்கு அனுப்பினானாம். அவனை நான் எப்படி ஏச? ஏச ஆளில்லாமல் போவதைப் போல ஒரு வேதனை கிடையாது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருசம் கமிட்டி சட்டத்தை மாற்றியது. அரையிறுதி இப்போது இரண்டு மட்ச், அங்கே ஒன்று இங்கே ஒன்று. எங்கள் மைதானத்தில் கதிரைகளுக்கென்று கயிறு கட்டி ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், மேலே நிழலுக்குத் துணிகூட இருக்கிறது. நல்ல சட்டம், நியாயமான சட்டம். போய் அதை நக்கட்டும். தம்பி திரும்ப ஆடவில்லை. கால்சா வீடு விற்றாயிற்று. அவன் ஒரேத்தோவில் என்னோடு தங்கி ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போகிறான். வயதானவர்களைப் பார்க்கிற வேலை எத்தனையோ வந்தது, ஒன்றையும் எடுக்கவில்லை.

நொன்னோ போன அன்று அவன் வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. மகள் வருகிற விமானம் இன்னும் இறங்கவில்லை. மேல்மாடிச் சின்னோரா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஆணி வைத்த சப்பாத்தோடு கற்படியில் அவன் ஏறிவருகிற சத்தம் கேட்டது. மேற்சட்டை முழுக்கச் சேறு, முழங்காலில் இரத்தம் காய்ந்திருந்தது. பஸ்ஸில் அந்தக் கோலத்தில்தான் வந்திருக்கிறான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நொன்னோவின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அவருடைய கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தக் கையை விடாமலே, "தனியக் கிடந்தவரோ அக்கா?" என்று கேட்டான்.

"இல்லையடா. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். சத்தியமா விடேல்லை."

"என்னைக் கேட்டவரோ?"

"கேட்டவர். தம்பி எங்கை எண்டார். மட்சுக்குப் போட்டான் நொன்னோ எண்டனான்."

"பிறகு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மட்ச் இஞ்சையோ வெளியிலையோ எண்டு கேட்டவர். வெளியிலை, கத்தானியாவிலை எண்டன். அப்ப நான் எழும்பத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டு, அங்காலை திரும்பிப் படுத்தவர்."

தம்பி அப்போதுதான் அழுதான். ஆம்பிளைப் பிள்ளை அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. மேல்மாடிச் சின்னோரா செபமாலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவன் முதுகைத் தடவினார்.

"மட்சை இஞ்சை வைச்சிருந்தா எழும்பியிருப்பார் அக்கா," என்றான்.